படர்தாமரை இல்லை டாக்டர், உண்ணி

ஜூன் விடுமுறைக்கு மூன்று வாரம் சிங்கப்பூர் போய் வந்தேன். விமானம், எம்ஆர்டி ரயில், லிட்டில் இந்தியாவின் தேக்காவில் அலைந்தது எல்லாம் வழக்கம்போலத்தான், எழுத ஒன்றும் இல்லை. எழுத வந்தது என் இடது முழங்காலுக்குப் பின்பக்கம் முளைத்த ஒரு வட்டத்தைப் பற்றி.

நான் இருப்பது அமெரிக்காவின் கனெக்டிகட். லைம் என்ற ஊர் இருக்கும் அதே மாநிலம். 1975-இல் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வரிசையாக மூட்டு வீங்க, இரண்டு தாய்மார்கள் விடாமல் கேள்வி கேட்டதால்தான் உண்ணி கடித்துத் தொற்றும் லைம் நோய் என்று ஒன்று இருப்பதே வெளியே வந்தது. எங்கள் வீட்டுக் கொல்லைக்கு மான் வரும், கூடவே உண்ணியும். ஊருக்குக் கிளம்பும் வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை வேலியோரம் சருகு அள்ளினேன். உண்ணி எதுவும் கண்ணில் படவில்லை. படாது, மே ஜூனில் கடிப்பது வளராத உண்ணி, கசகசா அளவுதான் இருக்கும்.

சிங்கப்பூர் வந்த ஐந்தாம் நாள் குளிக்கும்போது பார்த்தேன். ஆறு சென்டிமீட்டர் வட்டம். அரிப்பு இல்லை, வலி இல்லை, செதில் இல்லை. கனெக்டிகட் கிளினிக்குகளில் மாட்டியிருக்கும் லைம் நோய்ப் படங்களில் எல்லாம் வெள்ளைத் தோலில் சிவப்பு வளையம், நடுவில் பொட்டு, அம்பு எறியும் பலகை மாதிரி இருக்கும். என் நிறத்தில் அது சிவப்பாகவே இல்லை, இடித்துக்கொண்ட இடம் மாதிரி மங்கலான ஊதாப் பழுப்பு. நடுவில் வெளுத்த வளையம் எல்லோருக்கும் வரும் என்றும் இல்லை, ஒரே நிறமாகப் பரவுவதும் உண்டு.

அடுத்த நாள் அம்மா வீட்டு அடுக்குமாடி புளோக் கீழே இருக்கும் கிளினிக்குப் போனேன். சார்ஸ் வந்துபோன நாளிலிருந்து எங்கே போய் வந்தீர்கள் என்று கேட்டே பழகிய ஊர் இல்லையா, இங்கேயும் தாள் நீட்டினார்கள். அமெரிக்கா என்று எழுதிக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த பெண் பார்த்துத் தலையாட்டினார். அதோடு அந்தத் தாளின் வேலை முடிந்தது.

இருபது நிமிடத்தில் டாக்டர். இதற்கே கும்பிட வேண்டும், கனெக்டிகட்டில் எங்கள் டாக்டரைப் பார்க்க இரண்டு வாரம் ஆகும், அப்புறம் பில் தபாலில் வந்து வயிற்றைக் கலக்கும். ஆனால் இங்கே இருபது நிமிடம் காத்திருந்ததற்கு இரண்டு நிமிடம் பார்வை. படர்தாமரை, களிம்பு, அடுத்தவர். அரிக்கவே இல்லையே டாக்டர் என்றேன். சிலருக்கு அரிக்காது என்றார். சரி.

நாலு நாளில் வட்டம் ஒன்பது சென்டிமீட்டர் ஆகிவிட்டது, உடம்பு வலி, லேசான காய்ச்சல் வேறு. திரும்பப் போனேன். உடனே டெங்கி சோதனை, இல்லை என்று வந்தது. மூட்டு வலிக்கிறதா, சிக்குன்குன்யாவாக இருக்கலாம் என்றார். அதில் தப்பு சொல்ல மாட்டேன், 2008-இல் தேக்காவில் சிக்குன்குன்யா வந்தபோது அம்மாவின் தோழி மாதக்கணக்கில் டம்ளரைப் பிடிக்க முடியாமல் கஷ்டப்பட்டார். ஆனால் அது விரல், மணிக்கட்டு, கணுக்கால் என்று இரண்டு பக்கமும் சேர்த்துப் பிடிக்கும். லைம் மூட்டுக்கு வருவது பல மாதம் கழித்து, பெரும்பாலும் ஒரே ஒரு முழங்கால். எங்கள் தெருவில் ஒருவருக்குத் தேங்காய் அளவு வீங்கியது, வீக்கத்துக்கு ஏற்ற வலி இல்லை என்பதால் அவரும் சும்மா இருந்துவிட்டார். எனக்கு அந்த முழங்கால்தான் கண்முன் நின்றது.

லைம் பாருங்கள் என்று கெஞ்சி இரத்தம் கொடுத்தேன். ஐந்து நாள் கழித்துக் கூப்பிட்டு, நெகட்டிவ், நல்ல செய்தி என்றார். எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான். அந்தச் சோதனை கிருமியைத் தேடுவது இல்லை, நம் உடம்பு கிருமிக்கு எதிராகத் தயாரிக்கும் எதிர்ப்பொருளைத் தேடுவது. அது தயாராகச் சில வாரம் ஆகும். வட்டம் வந்த புதிதில் பாதிப் பேருக்கு மேல் நெகட்டிவ்தான் வரும், முழங்கால் வீங்கிய பிறகு சோதித்தால் அநேகமாக எல்லோருக்கும் பாசிட்டிவ். அதனால்தான் லைம் இருக்கும் ஊரிலிருந்து வருகிறவரிடம் இப்படி ஒரு வட்டத்தைப் பார்த்தால் இரத்தத்துக்குக் காத்திருக்காமல் மருந்து கொடுத்துவிடுவார்கள். சொன்னேன். இங்கே அந்த நோய் இல்லை என்றார். இங்கே இல்லை என்பது எனக்கும் தெரியும், அங்கே இருந்து வந்திருக்கிறேன் என்றுதானே தாளில் எழுதினேன்!

அம்மாவுக்கு இதெல்லாம் விளங்கவில்லை. லைம் என்றதும் எலுமிச்சை ஒத்துக்கொள்ளவில்லையோ என்று ரசத்தில் பிழிவதை நிறுத்திவிட்டார். உண்ணி என்று விளக்கினால், "அது மாட்டு மடியில ஆமணக்கு முத்து மாதிரி தொங்குமே, உன் கால்ல தொங்குனா தெரியாதா?" என்கிறார். ஆனால் ஒரு காரியம் செய்தார். முதல் நாளிலிருந்தே தையல் டேப் எடுத்து அளந்து, அப்பா 4டி லாட்டரிக்கு நாலு இலக்க எண் எழுதும் பேனாவால் வட்டத்தைச் சுற்றிக் கோடு போட்டுத் தேதியும் எழுதி வைத்தார். குளித்து மங்கினால் மறுபடி போட்டார்.

அன்று மாலையே இரண்டு எம்ஆர்டி நிலையம் தள்ளி வேறொரு கிளினிக். வயதான சீன டாக்டர் அம்மா. காலைத் திருப்பி அந்தக் கோடுகளைப் பார்த்தார். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டம், கடைசி பன்னிரண்டு சென்டிமீட்டர். வெகுநேரம் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "அமெரிக்காவில் எந்த மாநிலம்?" எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் படித்தது அயர்லாந்தில், ஆட்டுப் பண்ணைகள் பக்கம் வேலை பார்த்திருக்கிறார். கோடு போட்டது யார் என்று கேட்டார், அம்மா என்றேன், அவரை ஒருநாள் அழைத்து வாருங்கள் என்று சிரித்தார். டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு, பத்து நாள். மருந்தை அங்கேயே கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள், எல்லாம் சேர்த்து அறுபது சிங்கப்பூர் வெள்ளிக்குள். அங்கே என்றால் மருந்துக்கு இன்னொரு கடை, இன்னொரு வரிசை.

மாத்திரை நேரத்தில் பால் கூடாது, வெயிலில் நிற்கக் கூடாது. பால் விட்டு ஆற்றும் தே தாரிக்கும் இல்லை, வெளியே சுற்றவும் இல்லை என்றால் சிங்கப்பூருக்கு எதற்குத்தான் வருவது? மிச்சம் ஒரு வாரமும் காப்பிக்கடையில் மின்விசிறிக்குக் கீழே பால் இல்லாத தே ஓ. நாலாம் நாளே வட்டம் வெளுக்கத் தொடங்கிவிட்டது. கடைசி ஆறு மாத்திரை விமானத்திலும் வீட்டிலுமாக முடிந்தது.

அப்பா என் காலில் இருந்த 6, 9, 12-ஐச் சேர்த்து 6912 எடுத்திருக்கிறார். ஆறுதல் பரிசுகூட விழவில்லை.