நிக்கான் இசட்6 கையில் இருக்கும்போது இசட்6 டூ தேவையா?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். படத்தின் தரத்துக்காக நிக்கான் இசட்6 கேமராவை விற்று, அதன் அடுத்த மாடலான இசட்6 டூ வாங்க வேண்டாம். 2018-இல் வந்த இசட்6-இலும், 2020 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட இசட்6 டூவிலும் இருப்பது 24.5 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் சென்சார்தான். வியூஃபைண்டர், பின்பக்கத் திரை, கை நடுக்கத்தைச் சமாளிக்க கேமரா பாடிக்குள் இருக்கும் ஸ்டெபிலைசேஷன் எதிலும் பெரிய மாற்றம் இல்லை. ஒரே லென்ஸைப் போட்டு இரண்டிலும் எடுத்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது எதில் எடுத்தது என்று சொல்வது கஷ்டம்.

அப்படியென்றால் இரண்டாவது மாடலில் என்னதான் இருக்கிறது? என்னைக் கேட்டால், இரண்டாவது கார்டு ஸ்லாட். இசட்6-இல் எக்ஸ்க்யூடி அல்லது சிஎஃப் எக்ஸ்பிரஸ் என்ற வேகமான மெமரி கார்டுக்கு ஒரே ஒரு ஸ்லாட்தான். இசட்6 டூவில் அதோடு ஒரு எஸ்டி ஸ்லாட்டும் உண்டு. ஊர் சுற்றும்போதும் வீட்டுக் குழந்தைகளையும் படம் எடுப்பவருக்கு இது சின்ன வசதி. கல்யாணம் எடுப்பவருக்கு அப்படியில்லை. கெட்டிமேளம் ஒரு தடவைதான் கொட்டும். கார்டு போச்சு என்று பெண் வீட்டாரிடம் போய் நிற்க முடியாது. மற்றவர்கள் வீட்டு விசேஷத்தைப் பணம் வாங்கிக்கொண்டு எடுக்கிறவர், ஒவ்வொரு படமும் இரண்டு கார்டில் பதியும் கேமராவைத்தான் கொண்டுபோக வேண்டும். இதில் நான் சமரசம் செய்ய மாட்டேன்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் எழுதும்போது மெதுவான கார்டின் வேகம்தான் மொத்த வேகம். மலிவான எஸ்டி கார்டைப் போட்டால் பஃபர் (எடுத்த படங்களைக் கார்டில் எழுதும்வரை கேமரா வைத்திருக்கும் தற்காலிக நினைவகம்) காலியாக நேரம் எடுக்கும். யுஎச்எஸ் டூ என்ற வேகமான எஸ்டி கார்டுக்கான செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

வேகத்தைப் பார்த்தால், நொடிக்கு 12 படம் 14 ஆகியிருக்கிறது. அது பெரிய விஷயமில்லை. பஃபர்தான் விஷயம். இரண்டு எக்ஸ்பீட் 6 ப்ராசஸர் வைத்ததால், 12-பிட் ராவில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) வேகமான சிஎஃப் எக்ஸ்பிரஸ் கார்டு இருந்தால் 124 படம் வரை தொடர்ந்து எடுக்கலாம்; பழையதைப்போல மூன்றரை மடங்கு. மாலை மாற்றும்போது, அட்சதை விழும்போது கேமரா நடுவில் திணறாது. கூட்டத்தில் வேறு முகத்துக்கு ஃபோகஸ் தாவாமல், நாம் காட்டும் பகுதிக்குள் மட்டும் கண்ணைத் தேடச் சொல்லும் வசதியும் புதியதில் இருக்கிறது. மணவறையைச் சுற்றி இருபது முகம் இருக்கும்போது இதன் அருமை தெரியும்.

வீடியோவில், 2021 பிப்ரவரி ஃபர்ம்வேரில் (கேமராவுக்குள் ஓடும் மென்பொருள்) நொடிக்கு 60 ஃபிரேம் 4கே வந்தது, ஆனால் 1.5 மடங்கு க்ராப் ஆகும், அதாவது ஓரங்கள் வெட்டப்பட்டுக் காட்சி குறுகும், சின்ன மண்டபத்தில் அகல லென்ஸ் போதாது. அப்புறம், கேமரா ஓடும்போதே யுஎஸ்பி வழியாக பவர் கொடுக்கலாம். ஷட்டர் பட்டனோடு கூடிய எம்பி-என்11 என்ற, கேமராவின் அடியில் மாட்டும் பேட்டரி கிரிப்பும் போடலாம். இசட்6-க்கான எம்பி-என்10-இல் பட்டனே கிடையாது.

ஆகவே, சொந்தத்துக்கு எடுப்பவர் இசட்6-ஐயே வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுவதற்கு ஆகும் பணத்தில் 85 எம்எம் எஃப் 1.8 எஸ் லென்ஸ் வாங்கினால் வித்தியாசம் முதல் நாளே படத்தில் தெரியும். தொழிலுக்கு எடுப்பவர் யோசிக்காமல் மாறுங்கள். புதிதாக வாங்குபவருக்கு செகண்ட் ஹேண்டில் இரண்டுக்கும் விலை வித்தியாசம் குறைவாக இருந்தால் இசட்6 டூதான்.

இசட்6-ஐ வைத்துக்கொள்பவர்கள் ஃபர்ம்வேரை மட்டும் பார்த்துவிடுங்கள். கண்ணில் ஃபோகஸ் பிடிக்கும் வசதி அதற்கு 2019 மே மாதம் வந்த 2.0-இல்தான் கிடைத்தது. பழைய ஃபர்ம்வேரிலேயே ஓடும் பாடி என்றால், பாதி குறை காசில்லாமல் தீரும்.