மகளின் கால்களுக்கு இடம் கொடுத்த கார் சீட்

என் மகளுக்கு இரண்டரை வயது முடிந்துவிட்டது. எடை 13 கிலோ. இன்னமும் காரில் பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார்ந்து வருகிறாள். நியூ ஜெர்சியில், பிரிட்ஜ்வாட்டர் கோயில் பார்க்கிங்கில் அவளை இறக்கும்போது யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "இன்னும் திருப்பி வைக்கலையா? கால் வலிக்காதா?" நாங்கள் கிராகோ எக்ஸ்டெண்ட்டூஃபிட் சீட்டை வாங்கியதே அந்தக் கால்களுக்காகத்தான். அதனால் பதிலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

மருத்துவமனையிலிருந்து அவளை வீட்டுக்கு அழைத்து வந்தது கைப்பிடி வைத்த பக்கெட் சீட்டில். தூங்குகிற குழந்தையை எழுப்பாமல் அப்படியே தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடலாம். ஆனால் இவள் உயரவாக்கில் வளர்கிற குழந்தை. ஒன்பதாவது மாதத்திலேயே தலை சீட்டின் மேல்விளிம்பை நெருங்கிவிட்டது. எடைக்கு இன்னும் இடம் இருந்தது, உயரத்துக்கு இல்லை. அடுத்தது கன்வெர்ட்டிபிள்தான். முதலில் பின்பக்கம் பார்த்து வைத்து, வளர்ந்த பிறகு அதையே திருப்பி முன்பக்கம் பார்க்க வைக்கலாம். இது காரிலேயே இருக்கும். குழந்தையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

அந்தச் சமயத்தில் அம்மா கோபியிலிருந்து வந்து எங்களோடு இருந்தார். நண்பர் வீட்டுக் குழந்தை ஒன்று காலை மடக்கி, பாதங்களைக் காரின் பின்சீட்டு முதுகில் ஊன்றிக்கொண்டு வந்ததைப் பார்த்துவிட்டு, "ஏன் கண்ணு, நம்ம பாப்பாவையும் இப்படித்தான் காலை மடக்கி வெக்கோணுமா?" என்று கேட்டார். குழந்தைகள் இயல்பாகவே காலை மடக்கி, சம்மணமிட்டு உட்காருபவர்கள்தான். இருந்தாலும் அம்மாவின் முகம் என் மனதில் நின்றுவிட்டது.

எக்ஸ்டெண்ட்டூஃபிட்டில் குழந்தையின் கால் பக்கம் ஒரு நீட்டுப் பலகை இருக்கிறது. நான்கு நிலைகளில் வெளியே இழுத்துக்கொள்ளலாம். முழுக்க இழுத்தால் கால் வைக்க 5 அங்குலம் வரை கூடுதல் இடம் கிடைக்கும். பின்பக்கம் பார்த்து 4 முதல் 50 பவுண்டு வரை, அதாவது ஏறக்குறைய 22.7 கிலோ வரை உட்கார வைக்கலாம். முன்பக்கம் பார்த்து 65 பவுண்டு வரை. அந்த 50 என்ற எண்தான் என்னைத் தீர்மானிக்க வைத்தது. நான் பார்த்த மற்ற சீட்டுகளில் சிக்கோ நெக்ஸ்ட்ஃபிட் 40 பவுண்டோடு நின்றுவிடும். நூனா ராவா 50 வரை போகும், ஆனால் விலை எங்கள் பட்ஜெட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

ஏன் இவ்வளவு நாள் பின்பக்கம் பார்த்து என்றால், சின்னக் குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, கழுத்து இளசு. கார் முன்பக்கம் மோதினால், முன்னால் பார்த்து உட்கார்ந்த குழந்தையின் உடம்பை வார் பிடித்துக்கொள்ளும். தலை மட்டும் முன்னால் வீசப்படும். பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டின் ஓடு சேர்த்துத் தாங்கிக்கொள்ளும். ஸ்வீடனில் நான்கு வயது வரைகூட இப்படித்தான் வைக்கிறார்கள். இங்குள்ள குழந்தை மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் 2018இல் 'இரண்டு வயது வரை' என்ற பழைய வரியை எடுத்துவிட்டு, சீட்டின் எடை, உயர எல்லையை எட்டும் வரை முடிந்த அளவு பின்பக்கமே பார்க்கட்டும் என்று சொன்னது. இங்கே நியூ ஜெர்சி சட்டப்படியும் இரண்டு வயதும் 30 பவுண்டும் ஆகாத குழந்தை பின்பக்கம் பார்த்துத்தான் வர வேண்டும்.

எங்கள் கார் டொயோட்டா கரோலா. பின்சீட்டின் நடுவில் வைக்க ஆசைப்பட்டோம். குழந்தை சீட்டின் கொக்கிகளை மாட்ட காரிலேயே வைத்திருக்கும் லேட்ச் கம்பிகள் அங்கே கிடையாது, கார் பெல்ட்டால்தான் கட்ட வேண்டும். ஒரு சனிக்கிழமை நானும் கணவரும் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிக் கட்டி முடித்தோம். இறுக்கமாக இருப்பதாகத்தான் தோன்றியது. மறுநாளே பயிற்சி பெற்ற கார் சீட் டெக்னீஷியனிடம் இலவசப் பரிசோதனைக்கு நேரம் கிடைத்தது, போனோம். அவர் பெல்ட் நுழைகிற இடத்தில் கையை வைத்து ஆட்டினார். சீட் இரண்டு அங்குலம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்தது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

அவர் தானே கட்டித் தரவில்லை. பக்கத்தில் நின்று எங்களைக் கட்ட வைத்தார். கார் பெல்ட்டை மெதுவாக, கடைசி வரை வெளியே இழுக்க வேண்டும். அதன் பிறகு உள்ளே விடும்போது கடகடவென்று ஒரு சத்தம் கேட்கும். பெல்ட் லாக் ஆகிவிட்டது என்று அர்த்தம். முதல் நாள் இதைத்தான் நாங்கள் செய்யவில்லை. பிறகு ஒரு கையால் சீட்டை அழுத்திக்கொண்டே மறு கையால் பெல்ட்டை இழுத்து இறுக்கினேன். இந்த முறை சீட் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. அதுதான் அளவு என்றார். பெல்ட், லேட்ச் இரண்டில் ஒன்றுதான், இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது என்பதையும் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் குழந்தையை உட்கார வைத்துக் காட்டச் சொன்னார். தோள் வார் அவள் தோளுக்குச் சமமாகவோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். இரண்டு தோள் வார்களையும் இணைக்கும் மார்புக் கிளிப் அக்குள் உயரத்துக்கு வர வேண்டும். நான் வயிற்றுக்குப் பக்கத்தில் விட்டிருந்தேன். கடைசியாக, தோளருகே வாரைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பார்க்க வேண்டும். மடிப்பு விரலில் சிக்கினால் இன்னும் தளர்வாக இருக்கிறது. வழுக்கிக்கொண்டு போனால் சரி. இன்று வரை ஒவ்வொரு முறையும் கிள்ளிப் பார்த்த பிறகுதான் கதவைச் சாத்துகிறேன். கார் சீட் வாங்குகிற எல்லோரும் இந்தப் பரிசோதனைக்கு ஒரு தடவை போய்விட்டு வாருங்கள்.

குளிர்காலத்தில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பஞ்சு வைத்த தடிமனான ஜாக்கெட்டோடு வாரை மாட்டினால் இறுக்கமாக இருப்பது போலத்தான் தெரியும். மோதலில் பஞ்சு அமுங்கி வார் தளர்ந்துவிடும். ஜாக்கெட்டைக் கழற்றி, வாரைப் பூட்டி, அதன் மேல் போர்த்திவிடுவோம். அம்மாவுக்கு முதலில் மனசே வரவில்லை. பிறகு, வண்டியில் ஏறும் முன்பே போர்வையை எடுத்து வைத்துக்கொள்வார்.

எங்கள் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களில் தொட்டில், ஸ்ட்ரோலர், ஸ்வெட்டர் என்று எல்லாமே கைமாறும். எங்களுக்கும் ஒரு பழைய கன்வெர்ட்டிபிள் தருவதாக அன்போடு சொன்னார்கள். கார் சீட்டுக்கு மட்டும் வேண்டாம் என்றேன். எந்த விபத்தில் இருந்தது என்று பார்த்துச் சொல்ல முடியாது, அதோடு சீட்டுக்கும் காலாவதி தேதி உண்டு. எங்கள் பக்கெட் சீட்டையும் யாருக்கும் தரவில்லை. டார்கெட் கடையில் வழக்கமாக ஏப்ரலிலும் செப்டம்பரிலும் பழைய சீட்டை எடுத்துக்கொண்டு புதியதற்கு 20 சதவீதம் தள்ளுபடி தருவார்கள். அதில் கொடுத்துத்தான் இதை வாங்கினோம்.

எக்ஸ்டெண்ட்டூஃபிட்டின் எடை எட்டரை கிலோவுக்கு மேல், விமான நிலையத்தில் இழுத்துக்கொண்டு அலைவதற்கு ஏற்றதில்லை. பயணத்துக்கென்று காஸ்கோ சினேரா நெக்ஸ்ட் சீட் ஒன்று தனியாக வைத்திருக்கிறோம். விலையும் குறைவு, ஒரு கையில் தூக்கிவிடலாம்.

நீட்டுப் பலகையை இப்போது கடைசி நிலைக்கு இழுத்துவிட்டிருக்கிறேன். போன வாரம் அம்மா வீடியோ காலில் "பாப்பா காலைக் காட்டு" என்றார். அவள் இரண்டு பாதங்களையும் பலகையில் வைத்து, விரல்களை ஆட்டிக் காட்டினாள். தலை உச்சிக்கும் ஹெட்ரெஸ்ட் கைப்பிடிக்கும் நடுவில் ஓர் அங்குலமாவது இருக்க வேண்டும் என்பது கணக்கு. நேற்று ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், நான்கு அங்குலம் இருக்கிறது.