பழைய பிக்கப் வண்டியின் வைப்பர் ஒயரிங்கில் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர்: பயன்படுத்திப் பார்த்தபின் எழுதும் மதிப்புரை

25 ஆண்டுகளைக் கடந்த என் பிக்கப் வண்டியின் வைப்பர், மழை வலுக்கும் நேரம் பார்த்துத் தளரத் தொடங்கியது. மெதுவான வேகத்தில் வைத்தால் பிளேடுகள் கண்ணாடியின் பாதி உயரத்தில் தயங்கி நிற்கும். வேகத்தைக் கூட்டினால் ஒருவாறு அசைந்து கொடுக்கும். ஸ்விட்சை அணைத்தாலோ, அடியில் படிந்து அமராமல் அந்த இடத்தைத் தாண்டி இன்னொரு சுற்று வந்துவிடும். மோட்டார் தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டிப் புது மோட்டாரை வாங்கி மாட்டினேன். குறை இம்மியளவும் மாறவில்லை. அதன் பிறகுதான், முதலிலேயே வாங்கியிருக்க வேண்டிய டிஜிட்டல் மல்டிமீட்டரை, அதாவது மின்னழுத்தம், தடை, மின்னோட்டம் எல்லாவற்றையும் அளக்கும் கருவியை, வாங்கினேன். வைப்பர் ஒயரிங்கில் குறை தேடுவதற்கு அக்கருவி எவ்வளவு தூரம் உதவியது, எங்கே போதாமல் போனது என்பதை அதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

கருவி நடுத்தர வகையைச் சேர்ந்தது. அளவெல்லையைத் தானே தேர்ந்துகொள்ளும். வேண்டுமானால் நாமும் நிலைநிறுத்தலாம். டிசி வோல்ட், ஓம், ஒயர் அறுபடாமல் இருந்தால் ஒலியெழுப்பும் தொடர்ச்சிச் சோதனை, 10 ஆம்பியர் வரையிலான மின்னோட்ட அளவீடு ஆகியவற்றோடு, மிகக் குறைந்த, மிக அதிக அளவுகளைப் பதிந்து வைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. கடைசியாகச் சொன்ன வசதியை வாங்கும்போது நான் பொருட்படுத்தவே இல்லை. இரண்டாவது குறையைப் பிடித்துக் கொடுத்தது அதுதான்.

முதல் நாள் தொடர்ச்சிச் சோதனையை நம்பி ஏமாந்தேன். வைப்பர் மோட்டார் ரப்பர் திண்டுகளின் மேல் அமர்ந்திருப்பதால், அதன் உடலிலிருந்து வண்டியின் உடலுக்குத் தனியே ஓர் எர்த் பட்டை (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் ஒயர்) செல்கிறது. அதன் இரு முனைகளிலும் மீட்டர் ஒயர்களின் முள்ளை (தொட்டு அளக்கும் கூர்முனையை) வைத்தேன். மீட்டர் பளிச்சென்று ஒலித்தது. எர்த் சரியாக இருக்கிறது என்று அடுத்த ஒயருக்குப் போய்விட்டேன். இத்தகைய மீட்டர்கள் பல ஓம் தடை இருந்தாலும் ஒலி எழுப்பிவிடும். விளக்குக்கோ ரேடியோவுக்கோ அது பெரிதாகத் தோன்றாமல் போகலாம். ஓடும்போது 4 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும் வைப்பர் மோட்டாரின் பாதையில் 1 ஓம் தடை இருந்தால் 4 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். ஓம் அளவீடும் இங்கே கைகொடுக்காது. மீட்டரின் சொந்த ஒயர்களே 0.2 ஓம் வரை காட்டும்போது, நாம் தேடும் சிறிய தடையை அதற்குள்ளிருந்து பிரித்தெடுப்பது கடினம்.

மீட்டர் தன் மதிப்பைக் காட்டியது மோட்டாரை ஓடவிட்டு மின்னழுத்த வீழ்ச்சியை, அதாவது வழியிலேயே தொலையும் வோல்ட்டை, அளந்தபோதுதான். காய்ந்த கண்ணாடியில் பிளேடு உராய்ந்து சுமை கூடிவிடும் என்பதால் தண்ணீர் ஊற்றி நனைத்துவிட்டு, வைப்பரை மெதுவான வேகத்தில் ஓடவிட்டேன். கறுப்பு முள்ளைப் பேட்டரியின் எதிர்முனையில் கவ்வவிட்டு, சிவப்பு முள்ளை மோட்டாரின் உடலில் சுரண்டிய இடத்தில் வைத்தபோது திரையில் 3.1 வோல்ட் தெரிந்தது. அங்கே 0.1 அல்லது மிஞ்சிப் போனால் 0.2 வோல்ட்டுக்கு மேல் தெரியக் கூடாது. பட்டையைக் கழற்றிப் பார்த்தேன். வெளிப்பார்வைக்கு முனைவளையம் நன்றாகவே இருந்தது. ஒயரை அது கவ்வியிருந்த இடத்தில் இன்சுலேஷனை அரை விரலளவு பின்னுக்குத் தள்ளியதும் செம்பு இழைகளுக்கு மாறாகப் பச்சைக் களிம்பு பொடிப்பொடியாக உதிர்ந்தது. நான்கைந்து இழைகள்தான் உயிரோடு இருந்தன. மோட்டார் இயங்காமல் இருக்கையில் முழு மின்னழுத்தத்தையும் காட்டுவதற்கும், தொடர்ச்சிச் சோதனையில் ஒலிப்பதற்கும் அந்த நான்கைந்தே போதும். புதுப் பட்டை போட்டு, வண்டியின் உடலில் பெயின்டைச் சுரண்டி வெறும் உலோகத்தில் முடுக்கிய பிறகு அதே இடத்தில் 0.08 வோல்ட் காட்டியது. பிளேடுகள் உடனே வேகம் பிடித்தன.

ஆனால் அணைத்தால் சரியான இடத்தில் நிற்கவில்லை; மெதுவான வேகத்தில் இடையிடையே ஒரு தயக்கமும் மிச்சமிருந்தது. பழைய வண்டிகளில் குறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஒன்றைச் சரிசெய்ததும் மின்னோட்டம் கூடும். அதுவரை மறைந்திருந்த அடுத்த இணைப்பு அந்தச் சுமையைத் தாங்காமல் வெளிப்பட்டுவிடும். இம்முறை சிவப்பு முள்ளைப் பேட்டரியின் நேர்முனையிலும், கறுப்பு முள்ளை மோட்டாருக்கு வரும் மெதுவேக ஒயரின் கனெக்டரின் பின்பக்கத்திலும் வைத்து, பதிவு வசதியை இயக்கிவிட்டு, ஸ்டியரிங் தண்டின் கீழே இருக்கும் ஒயர்க் கற்றையை ஒவ்வோர் இடமாகப் பிடித்து அசைத்தேன். என் கண் ஒயரில் இருந்தது. திரையைப் பார்க்க வேண்டிய தேவையே எழவில்லை. பிறகு வந்து பார்த்தபோது குறைந்த அளவு 0.6 வோல்ட், அதிக அளவு 4 வோல்ட்டுக்குச் சற்று மேல் என்று பதிவாகியிருந்தது. காம்பினேஷன் ஸ்விட்சின் (ஸ்டியரிங் தண்டிலுள்ள கூட்டு ஸ்விட்ச்) கனெக்டரைப் பிரித்தபோது, மெதுவேக ஒயரின் பெண் முனை (எதிர்ப்பக்க ஊசியை உள்வாங்கிப் பிடிக்கும் முனை) மட்டும் விரிந்து தளர்ந்திருந்தது. அதைச் சுற்றியிருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் சூட்டில் தேன் நிறமாக மாறியிருந்தது.

அந்த ஒற்றை முனை எப்படி நிறுத்தத்தையும் கெடுத்தது என்று புரிந்துகொள்ள மோட்டாரின் அமைப்பு தெரிந்திருக்க வேண்டும். இவ்வகை மோட்டார்களில் சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கொடுக்கும் மூன்று கார்பன் பிரஷ்கள் உண்டு: பொதுப் பிரஷ், மெதுவேகப் பிரஷ், சற்றுத் தள்ளி அமைந்த அதிவேகப் பிரஷ். நாம் ஸ்விட்சை அணைத்தாலும், பல்சக்கரத்தின் மேலுள்ள பார்க் ஸ்விட்ச் மெதுவேகப் பிரஷுக்கு மின்சாரத்தைத் தொடர்ந்து அனுப்பி, பிளேடுகள் அடியில் வந்ததும் அதை எர்த்தோடு இணைத்துவிடுகிறது. சுழலும் மோட்டார் அக்கணம் ஜெனரேட்டராக மாறித் தன்னைத் தானே பிடித்து நிறுத்திக்கொள்கிறது. என் வண்டியில் அந்தப் பிரேக் மின்னோட்டமும் காம்பினேஷன் ஸ்விட்ச் வழியாகவே போய் வருகிறது. தளர்ந்த முனை அந்த நொடியில் தொடர்பை விட்டுவிட்டால் பிரேக் இல்லை. பிளேடு நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிடும். அதிவேகம் மட்டும் ஓரளவு ஒழுங்காக இருந்ததற்கும் இதுவே விளக்கம். அதற்கான ஒயரும் முனையும் வேறு. இவ்வளவும் கையேட்டின் ஒயரிங் வரைபடத்தை எதிரே விரித்து வைத்ததால்தான் பிடிபட்டது. கனெக்டரைத் தாண்டியதும் ஒயரின் நிறம் மாறிவிடும் வண்டிகளில், வரைபடம் இல்லாமல் மீட்டரை மட்டும் வைத்துக்கொண்டு தேடுவது வீண் அலைச்சல்.

இனி கருவியின் குறைகள். உடன் வந்த ஒயர்கள் ஒரு மீட்டர் நீளமே இருப்பதால், பேட்டரியிலிருந்து ஸ்டியரிங் தண்டு வரை எட்டுவதில்லை. முதலைக் கவ்விகள் பொருத்திய நீண்ட ஒயரை நானே தயாரித்துக்கொண்டேன். முட்களின் நுனி தடிமனானது, கனெக்டரின் பின்பக்கமாக நுழையாது. அதற்காக இன்சுலேஷனைக் குத்தித் துளைப்பவர்கள் உண்டு. அந்தத் துளைதான் பின்னாளில் ஈரம் புகும் வாசல். மெல்லிய ஊசிமுனைகளைத் தனியே வாங்கிக்கொள்வதே நல்லது. திரையின் பின்னொளி சில நொடிகளில் அணைந்துவிடுவது டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்திருப்பவருக்குப் பெருந்தொல்லை. 10 ஆம்பியர் அளவீட்டை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்: இணைப்புத் தண்டுகள் இறுகிப்போய் மோட்டார் சிக்கிக்கொண்டால் மின்னோட்டம் 10 ஆம்பியரை எளிதில் தாண்டி, மீட்டரின் உள் ஃபியூஸ் போய்விடும். மின்னோட்டம் அளக்க வேண்டுமானால் கிளாம்ப் மீட்டரே ஏற்றது. ஆனால் டிசி அளக்கும் வகைதானா என்று பார்த்து வாங்க வேண்டும், சாதாரண கிளாம்ப் மீட்டர்கள் ஏசியை மட்டுமே அளக்கும்.

மீட்டரோடு 21 வாட் இழை பல்பு ஒன்றையும் ஹோல்டரில் பொருத்தி வைத்துக்கொள்வது பெரிய துணை. மீட்டர் ஏறக்குறைய மின்னோட்டமே இழுக்காததால் ஒற்றை இழையில் தொங்கும் ஒயரிலும் 12 வோல்ட் காட்டும். பல்பு ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுத்து, ஒயருக்குச் சுமை தாங்கும் தெம்பு இருக்கிறதா என்பதை மங்கியோ எரிந்தோ காட்டிவிடும். விட்டுவிட்டு ஓடும் வேகத்துக்கு எலக்ட்ரானிக் டைமர் உள்ள வண்டியில், அந்த டைமரின் முனைகளில் மட்டும் பல்பை வைக்கக் கூடாது; அந்தச் சுமையை அது தாங்காமல் போகலாம்.

ஒயரிங் வேலையைத் தாமே செய்ய விரும்புகிறவர்களுக்கு, ஊசிமுனை, நீண்ட ஒயர் ஆகியவற்றையும் சேர்த்து வாங்கும்படி சொல்லி, இந்த வகை மீட்டரைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஃபியூஸ் போயிருக்கிறதா என்று பார்ப்பது மட்டுமே நோக்கம் என்றால், எளிய டெஸ்ட் லேம்ப் போதும். கனெக்டரின் முனையை மாற்றிய பிறகு வைப்பர் இரண்டு வேகங்களிலும் சீராக ஓடுகிறது. அணைத்ததும் அடியில் போய்ப் படிகிறது. கழற்றி ஓரமாகப் போட்டிருந்த பழைய மோட்டாரைப் பேட்டரியோடு நேரடியாக இணைத்துப் பார்த்தேன். இரண்டு வேகங்களிலும் ஒரு குறையுமின்றிச் சுழன்றது.