ரிப்பன் மைக்னு சொல்லி சப்பாத்தி ஃபாயிலை வித்துட்டான்: 26,500 ரூபாய் போச்சு

சூடு ஆறுறதுக்குள்ள எழுதிடறேன். ஆறிட்டா "சரி, போனது போகட்டும்"னு விட்டுடுவேன், என் சுபாவம் அப்படி. வீட்டு ரூம்ல சின்னதா ரெக்கார்டிங் பண்றவங்க, அதுலயும் கம்மி விலைக்கு ரிப்பன் மைக் தேடிக்கிட்டு இருக்கறவங்க, இதைப் படிச்சிட்டு அப்புறமா பர்ஸைத் திறங்க. எப்படிப் பார்த்து வாங்கணும்னு கடைசியில விரிவா எழுதறேன்.

போன பணம் 26,500. மைக்குக்கு 21,000. அது வேலை செய்யலன்னு கேட்டதுக்கு அதே ஆள் என் தலையில கட்டின பூஸ்டர், அதாவது மைக் சிக்னலை ஏத்தற சின்னப் பெட்டி, 5,500.

பேரைப் போடல. புகார் குடுத்திருக்கேன், அது முடியற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருன்னு மச்சான் சொல்லியிருக்கான், அவன் கோர்ட் விஷயம் தெரிஞ்ச ஆளு. பழைய கீபோர்டு, ஆம்ப், மைக் எல்லாம் கைமாறுற ஒரு ஆன்லைன் தளம், அதுக்குள்ள கடை விரிச்சிருக்கற ஒருத்தன். இவ்வளவுதான் சொல்ல முடியும். பேருக்குப் பக்கத்துல பச்சை டிக் வேற.

எனக்கு எதுக்கு ரிப்பன் மைக்? எங்க மாமா நாதஸ்வரம். எழுபத்தொரு வயசு, மூச்சு இருக்கறப்போவே ஒரு தோடி, ஒரு காம்போதி, ரெண்டு மல்லாரி ஒழுங்கா பதிவு பண்ணி வச்சுடணும்னு ரெண்டு வருஷமா நினைச்சுக்கிட்டு இருக்கேன். என்கிட்ட இருக்கறது கண்டென்சர் மைக், சின்னச் சத்தத்தையும் கூர்மையா பிடிக்கற வகை. பாட்டுக்குப் பரவாயில்ல. நாதஸ்வரத்துக்கு வச்சா சீவாளியோட, அதாவது வாயில வச்சு ஊதற நாணல் பட்டையோட, கீச்சு மட்டும் முன்னால வந்து நிக்கும், குழலோட மரம் பின்னால போயிடும். மாமா வாசிக்கறது நரசிங்கன்பேட்டை ஆச்சா மரத்துக் குழல். அந்த மரத்தோட சத்தம் ரெக்கார்டிங்ல இல்லேன்னா அப்புறம் என்னத்துக்குப் பதிவு?

இதுக்கு ரிப்பன் மைக்கைத்தான் சொல்லுவாங்க. காந்தத்துக்கு நடுவுல ஒரு மெல்லிய அலுமினியத் தகடு தொங்கும், அவ்வளவுதான் அதோட மொத்த சூட்சுமம். நல்ல ரிப்பன்னா ரெண்டு மைக்ரான் தடிமன், நம்ம தலைமுடியில முப்பதுல ஒரு பங்குன்னு வச்சுக்கங்க. 1930கள்லயே ஆர்சிஏ கம்பெனி இதைப் போட்டு ரேடியோ, சினிமா எல்லாத்தையும் பிடிச்சிடுச்சு. மேல் ஸ்தாயி கூர்மையை அது தானாவே மழுக்கிடும். பிராஸ், வயலின், நாதஸ்வரம் மாதிரி காதைக் குத்தற வாத்தியத்துக்கு அதான் மருந்து. இன்னொண்ணு, முன்னாலயும் பின்னாலயும்தான் அது கேட்கும், ரெண்டு பக்கவாட்டும் செவிடு. தவில்காரரைச் சரியா அந்தப் பக்கவாட்டுல உட்கார வச்சா, ஒரே ரூம்ல வாசிச்சாலும் நாதஸ்வர டிராக்ல தவில் பாதிக்கு மேல அடங்கிடும். எனக்கு அதுதான் பெரிய ஆசையா இருந்துச்சு.

நல்ல ரிப்பன் மைக் லட்சத்துக்குப் பக்கத்துல போகும், அதுக்கு மேலயும் போகும். கம்மி விலையில வர்றது பெரும்பாலும் சீனாவுல செஞ்சது, ஒரே உடம்புக்குப் பத்து கம்பெனி பத்து பேர் வைக்கும். அதுலயும் நல்லதா அமையும், நானே நண்பர் ஒருத்தர் வீட்டுல கேட்டிருக்கேன். அதனாலதான் துணிஞ்சேன்.

இப்போ நான் விழுந்த இடம்.

விளம்பரத்துல நம்பர் இருந்துச்சு, கூப்பிட்டேன். எதுக்குன்னு சொன்ன உடனே "அண்ணே, நாதஸ்வரத்துக்கா? எங்க தாத்தாவே தவில்ணே, வலங்கைமான் பக்கம்"னான். நான் கும்பகோணத்துக்காரன். வலங்கைமான்னு காதுல விழுந்ததும் பாதி காசு அங்கேயே போயிடுச்சுன்னு இப்போ புரியுது. வீடியோ கால்ல மைக்கைக் காட்டினான். பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு போட்ட மேஜை, அது மேல ஸ்டாண்டுல மைக். அதைச் சுத்திச் சுத்தி நடந்துக்கிட்டே பேசினான்: "பாருங்கண்ணே, குரல் எவ்வளவு வெண்ணெயா வருது, எந்தப் பக்கம் போனாலும் அதே மாதிரி வரும்." நானும் தலையை ஆட்டினேன்.

எந்தப் பக்கம் போனாலும் அதே மாதிரி வந்தா அது ரிப்பன் மைக்கே இல்ல! பக்கவாட்டுக்குப் போறப்போ குரல் செத்துப் போகணும். நான் கேட்டது அவன் போனோட மைக்கை. கொஞ்சம் முன்னாடி தவிலைப் பக்கவாட்டுல உட்கார வைக்கிறதைப் பத்திப் பாடம் எடுத்தேனே, அந்த ஆளுக்கு அன்னிக்கு இது உறைக்கல. தாத்தா தவில்னு சொல்லிட்டானே.

அடுத்தது பணம். "தளத்து வழியா போட்டா அவங்க கமிஷன் எடுப்பாங்கண்ணே, நேரா யுபிஐல போடுங்க, 1,500 குறைச்சுக்கிறேன்"னான். 22,500 சொன்னது 21,000 ஆச்சு. போட்டேன். டிங்னு சத்தம் வந்துச்சு. "வந்துடுச்சுண்ணே, மாமாவுக்கு என் நமஸ்காரம் சொல்லுங்க"ன்னான். அந்த நமஸ்காரத்தை மாமாகிட்ட நான் சொல்லவும் செஞ்சேன், அதை நினைச்சாத்தான் வயிறு எரியுது.

மைக் வந்துச்சு. மாமா சனிக்கிழமை பஸ் ஏறி வந்தார். புது சீவாளியை வாயில ஊற வச்சு, பீ பீன்னு பார்த்து, பிடிக்காம நூல்ல தொங்கற இன்னொண்ணை எடுத்துப் பொருத்தி, இதுக்கே அரை மணி நேரம். மைக்கை நாலடி தள்ளி, குழலோட அணசுக்கு, அந்த அகண்ட வாய்க்கு, நேரா வராம கொஞ்சம் மேல சாய்ச்சு வச்சேன், காத்து நேரா அடிச்சா ரிப்பன் தாங்காது. பின்பக்கச் சுவர்ல ஜமக்காளம் தொங்க விட்டேன். எல்லாம் முறைப்படி. ஒரு ஷட்ஜம் பிடிச்சார். ஹெட்போன்ல சத்தம் கிணத்துக்குள்ள இருந்து வருது. மேல போகப் போக கூடவே ஒரு ஜர்ர்ர். போட்டுக் காட்டினேன். மாமா ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு, "என்னடா, தகர டப்பாவுக்குள்ள ஊதின மாதிரி இருக்கு"ன்னார். அப்புறம் அவரே என் முகத்தைப் பார்த்துட்டு, "சீவாளி சரியில்லையோ என்னவோ"ன்னு மாத்திக்கிட்டார். அது இன்னும் மோசம்.

அன்னிக்கே கூப்பிட்டேன். இதுக்கப்புறம் கேட்ட பதிலையெல்லாம் வரிசையா சொல்றேன், உங்களுக்கும் இதே வரிசையில வரலாம்.

"புது இடம்ல, கொஞ்ச நாள் ஓட விடுங்கண்ணே, தானா செட் ஆகும்." விட்டேன். ஒண்ணும் ஆகல.

"உங்க இன்டர்ஃபேஸ்ல கெயின் பத்தலண்ணே. ரிப்பனுக்குப் பூஸ்டர் இல்லாம முடியாது. நம்மகிட்டயே இருக்கு, உங்களுக்காக 5,500." இன்டர்ஃபேஸ்னா மைக்கைக் கம்ப்யூட்டரோட சேர்க்கற பெட்டி, கெயின்னா அது சிக்னலை ஏத்தற அளவு. ரிப்பன் மைக்குக்கு சிக்னல் கம்மி, உண்மை. வீணை, மெல்லிய குரல், இதுக்கெல்லாம் அறுபது டெசிபல் வரைக்கும் கெயின் ஏத்த வேண்டி வரும், அங்க பூஸ்டர் உதவும். நாதஸ்வரத்துக்குப் பூஸ்டரா? நாலு தெரு தள்ளிக் கேட்கற வாத்தியத்துக்கு? அதையும் வாங்கினேன் பாருங்க. 21,000 போய் 26,500 ஆச்சு. பூஸ்டர் வந்ததும் ஜர்ர்ர் இன்னும் சத்தமா கேட்டுச்சு.

அப்புறம் அண்ணே போய் சார் வந்துச்சு. "சார், நீங்க பாண்டம் ஆன் பண்ணியிருப்பீங்க, ரிப்பன் போயிருக்கும், அதுக்கு நாங்க பொறுப்பில்ல." பாண்டம்னா மைக் ஒயர் வழியாவே மைக்குக்கு அனுப்பற 48 வோல்ட். இந்தப் பூச்சாண்டி எல்லாக் கடைக்காரனுக்கும் கிடைச்ச வரம். ஒயர் ஒழுங்கா இருந்தா பாண்டம் ரெண்டு முனையிலயும் ஒரே அளவு வரும், ரிப்பனுக்குள்ள ஒண்ணும் பாயாது. ஒயர் உள்ளுக்குள்ள ஷார்ட் ஆகியிருந்தா, இல்ல பாண்டம் ஓடறப்பவே பிடுங்கிச் செருகினா, அப்போதான் ரிப்பனுக்கு அடி. நான் முதல் நாள் பாண்டம் போடவே இல்ல. பூஸ்டருக்குப் போட்டது உண்மை, அது பூஸ்டரோட நின்னுடும், மைக்குக்குப் போகாது. சொன்னேன். "டெக்னீஷியன்கிட்ட கேட்டுச் சொல்றேன்." டெக்னீஷியன் லீவு. டெக்னீஷியன் ஊருக்குப் போயிட்டார். டெக்னீஷியனுக்கு மாமியார் காரியம்.

ஒரு வாரம் கழிச்சு வீடியோ கால்ல வந்து, மல்டிமீட்டரை எடுத்து மைக்கோட ரெண்டாவது மூணாவது பின்ல வைக்கச் சொன்னான். வச்சேன். நாற்பது சொச்சம் ஓம் காட்டுச்சு. "பார்த்தீங்களா சார், கன்டினியூட்டி வருது, ரிப்பன் கல்லு மாதிரி இருக்கு!" எனக்கு அதுக்கு மேல பேச வரல.

சென்னையில வடபழனிப் பக்கம் ஒரு பெரியவர், நாற்பது வருஷமா ஸ்டுடியோ மைக் ரிப்பேர். மடியில வச்சுக்கிட்டு பஸ்ல கொண்டுபோனேன். மல்டிமீட்டர் கதையைச் சொன்னதும் சிரிச்சார். பின்ல கிடைக்கறது மைக்குக்குள்ள இருக்கற டிரான்ஸ்ஃபார்மரோட கம்பிச் சுத்து, தம்பி, உள்ள ரிப்பனே இல்லேன்னாலும் அந்த நாற்பது ஓம் வரும்னார். அதோட, நல்ல ரிப்பன் மைக்கா இருந்தா மீட்டரை வைக்கவே கூடாதாம், அதுல இருந்து போற கரண்டே ரிப்பனை உதறி எறிஞ்சிடுமாம்.

பித்தளை ஸ்க்ரூட்ரைவரை எடுத்தார். இரும்பா இருந்தா காந்தம் வெடுக்குன்னு இழுத்து ரிப்பனுக்குள்ள சொருகிடும். வலையைக் கழட்டினார், உள் துணியை எடுத்தார், கண்ணுல லென்ஸை மாட்டிக்கிட்டு டார்ச் அடிச்சார். என்னையும் பார்க்கச் சொன்னார். ரிப்பன்னா பொடிப் பொடியா மடிப்பு இருக்கும், பாவாடை ஃப்ரில் மாதிரி. இங்க மடிப்பே இல்ல. கத்தரிக்கோல்ல வெட்டின ஓரம், ஒரு பக்கம் காந்தத்துல உரசிக்கிட்டு நிக்குது, ஜர்ர்ர் அங்கேர்ந்துதான். கீழ் முனையில க்ளிப்புக்குப் பதிலா ஒரு பொட்டு பசை. காந்தம் பூரா இரும்புத்தூள் மீசை.

"வீட்டுல சப்பாத்தி சுத்துவாங்கல்ல, அது தம்பி இது"ன்னார். ரிப்பனைவிட அஞ்சாறு மடங்கு தடிமன். அது எங்க ஆடப்போகுது, எங்க பாடப்போகுது.

பாண்டம் போட்டு ரிப்பன் அறுந்துச்சுன்னே வச்சுக்குவோம். சப்பாத்தி ஃபாயிலா மாறுமா? இதைத்தான் போட்டோவோட அனுப்பினேன். ரெண்டு நீல டிக் விழுந்துச்சு. அரை மணியில அவன் முகப்புப் படம் காணாம போச்சு. பிளாக்.

தளத்துக்கு எழுதினேன். "அன்பான வாடிக்கையாளரே, பரிவர்த்தனை எங்கள் தளத்துக்கு வெளியே நடந்ததால்..." அதுக்கு மேல படிக்கல. பச்சை டிக்குக்கு என்ன அர்த்தம்னு கேட்டேன், போன் நம்பர் சரிபார்த்ததுக்கு அடையாளமாம். ஆளைச் சரிபார்த்ததுக்கு இல்ல! பேங்க்ல, "நீங்களே பின் போட்டு அனுப்பியிருக்கீங்களே சார்." சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடிச்சுப் புகார் எண் வாங்கியிருக்கேன், நுகர்வோர் உதவி எண் 1915லயும் பதிஞ்சிருக்கேன். 26,500 திரும்பி வரும்னு யாரும் சொல்லல. பெரியவர் மட்டும் புது ரிப்பன் போட 7,000 ஆகும்னு சொன்னார். அதோட டிரான்ஸ்ஃபார்மரும் மட்டமானதுதான், போட்டாலும் திருப்தி வராது தம்பின்னு சேர்த்துச் சொன்னார். வந்த வழியே எடுத்துட்டு வந்துட்டேன். பார்த்ததுக்குக் காசு வாங்க மாட்டேன்னுட்டார்.

இன்னிக்குக் காலையில தம்பி போன்ல இருந்து அந்தத் தளத்தைத் திறந்தேன். வேற பேர், வேற நம்பர், புது பச்சை டிக். அதே பூப்போட்ட விரிப்பு. ரிப்பன் மைக், 22,500, "வயலின், நாதஸ்வரத்துக்கு உகந்தது". நாதஸ்வரம்கறது என்கிட்ட இருந்து கத்துக்கிட்டது.

விரிவா எழுதறேன்னு சொன்னேன், கை நடுங்குது, சுருக்கமா சொல்லிடறேன். பழைய ரிப்பன் மைக்கை நேர்ல கேட்காம வாங்காதீங்க. முடியலன்னா மைக்ல இருந்து நேரா பதிவான ஃபைலைக் கேளுங்க, அதுலயும் ஆள் சுத்தி வந்து பேசணும், ரெண்டு பக்கவாட்டுலயும் குரல் சாகணும். வலைக்குள்ள டார்ச் அடிச்சு எடுத்த போட்டோ கேளுங்க, மடிப்பு தெரியணும். பெட்டி வந்தா வீடியோ எடுத்துக்கிட்டே பிரிங்க. வாயால ஃபூன்னு ஊதிப் பார்க்காதீங்க. தளத்துக்கு வெளியே ஒரு ரூபாய் போடாதீங்க. உங்க ஊர்ப் பேரைச் சொல்லி அண்ணேன்னு ஆரம்பிச்சா போனை வச்சிடுங்க.

அந்த விரிப்பு: மஞ்சள் தரை, சிவப்புச் செம்பருத்தி, இடது ஓரத்துல டம்ளர் சுட்ட வட்டம் ஒண்ணு. பார்த்தா எனக்குச் சொல்லுங்க.