மடு மண்ணும் ஒரு வாளியும்

இலங்கையின் மன்னார்ப் பக்கத்துக் காட்டுக்குள் இருக்கும் மடு மாதா கோயிலுக்கு நான் முதன்முதலில் போனது கும்பிட அல்ல, உயிர் தப்ப. 1990இல் சண்டை தொடங்கியபோது ஊரோடு ஓடிப்போய், கோயில் வளவில் ஒரு மரத்தடியில் தறப்பாள் கட்டி எட்டு மாதம் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. மாதாவைவிட நன்றாக ஞாபகம் இருப்பது தண்ணீர் வரிசைதான்.

இந்த ஓகஸ்ட் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து போனது அம்மாவின் நேர்த்திக்காக. அவருக்கு முழங்கால் ஏலாது. "எனக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்து, வரேக்க ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டு வா" என்றார். மடு மண் பாம்புக்கடிக்கு மருந்து என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ரொறன்ரோ அடுக்குமாடியில் பாம்பு ஏது என்று நான் கேட்கவில்லை.

போக்குவரத்து: கொழும்பில் பிடித்த வானின் ஏசி மதவாச்சியோடு நின்றுவிட்டது. முழுக் காசையும் முதலே கொடுத்திருந்ததால் வாய் திறக்க வழியில்லை. அடுத்த முறை ரெயில்தான். தலைமன்னார் ரெயிலில் வந்தால் மடு றோட்டில் இறங்கலாம். சண்டையில் அழிந்த பாதையை அதுவரைக்கும் 2013இல் திரும்பப் போட்டுவிட்டார்கள். பிறகு காட்டு வழியே பஸ்.

அறை விஷயம் பெரிய கூத்து. கனடாவிலிருந்தே காசு அனுப்பிப் பதிந்த அறைக்குள் நீர்கொழும்புக் குடும்பம் ஒன்று சோறு வடித்துக்கொண்டிருந்தது. அவர்களும் காசு கட்டியவர்கள்தான். இடையில் நின்ற ஆள் போனை எடுக்கவேயில்லை. அந்த வீட்டு அம்மா என் பையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "பரவாயில்லை புத்தா" (சிங்களத்தில் மகன்) என்று விறாந்தையில் பாய் விரித்துவிட்டார். மூன்று இரவும் அங்கேதான், அவர்கள் மீன்குழம்பைத்தான் சாப்பிட்டேன்.

கடைகளில் ரொட்டியும் சம்பலும் பயமில்லாமல் சாப்பிடலாம். ஐஸ் போட்ட சர்பத்தைத் தொட வேண்டாம். நான் தொட்டுப் பட்டேன். முதலுதவிக் கூடாரத்தில் ஒரு பிள்ளை வயிற்றோட்டத்துக்குக் குடிக்கும் ஜீவனி உப்புக்கரைசலைக் கரைத்துத் தந்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றது. காசு கேட்கவில்லை. மலசலகூடத்துக்கு விடிய நாலு மணிக்கு முதல் போய்விடுங்கள். அதற்குப் பிறகு நடப்பதை எழுதாமல் விடுகிறேன்.

14ஆம் திகதி மாலை வேஸ்பர், அதாவது திருவிழாவுக்கு முதல்நாள் மாலைச் செபம். தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறிச் செபம், மணலில் முழந்தாளிட்ட சனம். டச்சுக்காரர் காலத்தில், 1670 அளவில், மாந்தையிலிருந்து 20 குடும்பங்கள் காட்டுக்குள் தூக்கி வந்த மாதா சுரூபம் (சிலை) என்று சொல்லி வளர்த்தார்கள். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்க, அதே சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. மாதாவும் எங்களைப் போல இடம்பெயர்ந்தவர்தான் என்று யோசித்துக்கொண்டு நின்றேனே தவிர, உள்ளுக்குள் ஒன்றும் அசையவில்லை. சாவீட்டுப் பூசை தவிர வேறு பூசை காணாதவனுக்கு வேறென்ன வரும்?

மறுநாள் விடிய நீர்கொழும்பு அம்மா தன் வாளியையும் என் கையில் தந்து பவுசரடிக்கு, தண்ணீர் லொறி நிற்கும் இடத்துக்கு, அனுப்பினார். வரிசையில் ஆட்களைவிட வாளிகள்தான் அதிகம். திருவிழாப் பூசைக்கு மணி அடித்ததும் முன்னுக்கு நின்ற பெண் திரும்பிப் பார்த்தார். "அண்ணை, நீங்கள் நிக்கிறியளோ? என்ர வாளியையும் ஒருக்கால் தள்ளிவிடுங்கோ, பூசை கண்டிட்டு வாறன்." அவரைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் விட்டுவிட்டுப் போனார்கள். வரிசை ஓரடி நகர, ஏழு வாளியையும் காலால் ஒவ்வொன்றாகத் தள்ளினேன். மணலில் பிளாஸ்டிக் உரசும் அந்தச் சத்தம்! 1990இல் இதே வளவில் என் அம்மா இதைத்தான் செய்தார். எல்லாரும் பூசைக்குப் போக, அவர் செபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு, மற்றவர்களின் வாளிகளையும் கான்களையும் தள்ளிக்கொண்டு நின்றார். அம்மா ஏன் பூசைக்குப் போவதில்லை என்று அப்போது எனக்குக் கோபம். ஒலிபெருக்கியில் பாட்டு தொடங்கியது. நாலாவது வாளியைத் தள்ளும்போது என் வாய் "அருள் நிறைந்த மரியே" என்று தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தது. பிழையில்லாமல் முழுவதும் வந்தது.

மண் விஷயத்தில்தான் சிக்கல். வெளிநாட்டு மண்ணைக் கனடாவுக்குள் கொண்டுவர விடமாட்டார்கள். வீடியோ அழைப்பில் அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப உன்ர நெத்தியில பூசு, நான் பாக்கிறன்" என்றார். பூசினேன். அதற்குள் சிக்னல் போய், அம்மாவின் முகம் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. திருவிழாச் சனத்துக்குள் போன் வேலை செய்வது அதிர்ஷ்டம்தான்.

போகிறவர்கள் சொந்த வாளி கொண்டுபோங்கள். மதவாச்சியில் நான் வாங்கிய நீல வாளியை அந்த அம்மாவிடமே கொடுத்துவிட்டேன். பிடி கொஞ்சம் ஆடும்.