ருகர் வக்கேரோவும் நல்ல கன்ஸ்மித்தும்: எட்டு வருஷ அனுபவம்

நான் டெக்சாஸ்ல இருக்கேன், இங்க கவ்பாய் ஆக்ஷன் ஷூட்டிங்னு ஒரு போட்டி நடக்கும், 1800கள்ல இருந்த மாதிரி டிரஸ், ரெண்டு சிங்கிள் ஆக்ஷன் ரிவால்வர் (ஒவ்வொரு தடவை சுடறதுக்கு முன்னாடியும் ஹேமரை, அதாவது பின்னாடி இருக்கற சுத்தியலை, கட்டைவிரலால ஏத்தணும்), ஒரு லீவர் ரைஃபிள், ஒரு ஷாட்கன், இரும்புத் தகடு டார்கெட். அதுக்காக செகண்ட் ஹேண்ட்ல ருகர் கம்பெனியோட வக்கேரோ ரிவால்வர் ஒண்ணு வாங்கினேன், 45 கோல்ட் காலிபர், 2005ல நியூ வக்கேரோ வர்றதுக்கு முந்தின பெரிய ஃப்ரேம் மாடல். வாங்கி எட்டு வருஷம் ஆகுது. துப்பாக்கி பத்தி ஒரு குறையும் சொல்ல மாட்டேன், இரும்புக் குதிரை. ஆனா ஃபேக்டரில இருந்து வந்தபடி ஹேமர் ஏத்த கட்டைவிரல் வலிக்கும், ட்ரிகர் சொரசொரன்னு இழுக்கும், பத்து ரவுண்டு சுட்டாலே பாரல்ல ஈயம் அப்பிக்கும்.

முதல்ல பக்கத்துல இருந்த ஒரு கன்ஸ்மித் (துப்பாக்கியைச் சரி பண்றவர்) கடையில குடுத்தேன். ஒரே வாரத்துல குடுத்துட்டாங்க, ட்ரிகர் பஞ்சு மாதிரி இருந்துச்சு, எனக்கு ஒரே சந்தோஷம். அடுத்த மேட்ச்ல அஞ்சுல ஒண்ணு வெடிக்கல. ஹேமரைத் தள்ளற மெயின் ஸ்பிரிங்கை ரொம்ப லேசாக்கிட்டாங்க, தோட்டாவோட அடியில இருக்கற ப்ரைமரை (மருந்தைப் பத்த வைக்கிறது) வெடிக்க வைக்க ஹேமர் அடி பத்தல. அது கூட பரவாயில்ல. வீட்டுக்கு வந்து காலி பண்ணி நல்லா செக் பண்ணிட்டு, ஹேமரை முழுசா ஏத்தி வச்சு பின்னாடியிருந்து கட்டைவிரலால ஒரு தள்ளு தள்ளினேன், ட்ரிகரைத் தொடாமலே விழுந்துடுச்சு. ஹேமரை ஏத்தினா ட்ரிகர் மாட்டிப் பிடிச்சுக்கற சின்ன வெட்டைத் தேய்ச்சு மழுங்கடிச்சிருக்காங்க. எனக்கு கை நடுங்கிப் போச்சு, பக்கத்துல பத்து பேர் நிக்கற இடத்துல இதைத்தான் ஏத்தி இறக்கிட்டு இருந்திருக்கேன்.

அதுக்கப்புறம் விளம்பரம் பாக்கறதை விட்டுட்டேன். மேட்ச்ல வருஷக்கணக்கா சுடறவங்க, அதுவும் வேகமா சுடறவங்க துப்பாக்கியை யாரு பாத்தாங்கன்னு ஒவ்வொருத்தரா கேட்டேன். ஆறு பேர்ல நாலு பேர் ஒரே பெரியவரைச் சொன்னாங்க. போன் பண்ணினேன், விலை பேசறதுக்கு முன்னாடி அவர்தான் கேள்வி கேட்டார்: என்ன தோட்டா போடறே, ஈயமா காப்பர் மூடினதா, ஹேமரை எந்தக் கைல ஏத்தறே, மேட்சுக்கு மட்டுமா வேட்டைக்கும் எடுத்துட்டுப் போவியா. ட்ரிகர் இழுக்கற எடை 2 பவுண்ட் வேணும்னு கேட்டேன், முடியாதுன்னுட்டார், 3க்குக் கீழ நான் பண்ண மாட்டேன்னார். அந்த நிமிஷமே இவர்தான்னு முடிவு பண்ணிட்டேன்.

அஞ்சு மாசம் காத்திருந்தேன். நேர்ல போனப்ப நம்ம ஊர் பத்தர் மாதிரி கண்ணுல லென்ஸ் மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தார். ஒரு 0.452 இன்ச் தோட்டாவை (பறந்து போற குண்டு மட்டும்) எடுத்து சிலிண்டரோட ஒவ்வொரு ஓட்டைலயும் முன்பக்கத்துல இருந்து விரலால தள்ளிப் பாக்கச் சொன்னார், ஆறுலயும் போகல. வாய் சின்னதா இருக்கறதால ஈயத் தோட்டா நசுங்கி மெலிஞ்சு பாரலுக்குள்ள போகுது, அப்புறம் சுத்தி இருக்கற இடைவெளில சூடான கேஸ் பூந்து ஈயத்தை உருக்குது, பாரல்ல அப்பறது அதனாலதான். ஆறையும் ஒரே அளவுக்கு ரீமர் போட்டுப் பெருசாக்கிக் குடுத்தார். ஹேமர், ட்ரிகர் ரெண்டும் புதுசு. சிலிண்டரைப் பூட்டற லேட்ச் சீக்கிரம் எழும்பினா சிலிண்டரைச் சுத்திக் கோடு விழும், லேட்டா எழும்பினா வேகமா ஏத்தும்போது சிலிண்டர் தாண்டிப் போயிடும், அது சிலிண்டர்ல இருக்கற பூட்டுக் குழிக்கு (நாட்ச்) முன்னாடி இருக்கற சரிவுல வந்து உக்காரணும். இந்த டைமிங்குக்குத்தான் அவர் அதிக நேரம் எடுத்துக்கிட்டார். பழைய வக்கேரோல க்ளிக் சத்தம் கேக்கறப்பவே சேம்பர் (தோட்டா உக்காரற ஓட்டை) லோடிங் கேட்டை, அதாவது தோட்டா போடற கதவை, தாண்டிடும், அதுக்கும் சிலிண்டரைச் சுத்தற பாவ்லை மாத்தி சிலிண்டர் ரெண்டு பக்கமும் சுத்தற மாதிரி பண்ணினார். மொத்தம் 420 டாலர்.

இது நடந்து ஆறு வருஷம் ஆச்சு. மாசம் ரெண்டு மேட்ச், ஒரு தடவை கூட வெடிக்காம நின்னதில்ல, பாரலை ரெண்டு தடவை பிரஷ் விட்டா சுத்தம். வக்கேரோல ட்ரான்ஸ்ஃபர் பார் இருக்கு (ட்ரிகரை இழுக்காம ஹேமர் அடி தோட்டாவுக்குப் போகாம தடுக்கற பாதுகாப்பு, ருகர் சிங்கிள் ஆக்ஷன்ல 1973ல வந்தது), இருந்தாலும் போட்டி விதிப்படி அஞ்சுதான் போடணும், ஹேமர் காலி சேம்பர் மேல இருக்கணும், நான் ரேஞ்ச்ல தனியா சுட்டாலும் அப்படித்தான். போன வருஷம் ரெண்டாவது வக்கேரோ வாங்கி அதையும் அவர்கிட்டயே குடுத்திருக்கேன், இப்ப வெயிட்டிங் லிஸ்ட் எட்டு மாசம்.