‘செனைட்’ என்ற சொல்லும் ஆன்லைன் எட்டிமாலஜி டிக்‌ஷனரியும்

ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட நாவலில் கோலின்ஸ் என்ற மதகுரு, நவம்பர் 18 திங்கட்கிழமை வந்து ‘சனிக்கிழமை செனைட்’ வரை தங்குவதாக உறவினருக்குக் கடிதம் எழுதுகிறார். முதல் வாசிப்பில் அந்தச் சொல்லைக் கவனிக்காமல் கடந்துவிட்ட நான், விருந்தாளி ஐந்தே நாளில் கிளம்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். பிறகு, சொற்களின் பிறப்பை விளக்கும் இணைய அகராதியான ஆன்லைன் எட்டிமாலஜி டிக்‌ஷனரியில் தேடியபோது, ‘ஏழு இரவு’ என்ற பழைய ஆங்கிலத் தொடரே குறுகி ‘செனைட்’ ஆனது, அதன் பொருள் ஒரு வாரம் என்று தெரிந்தது. ஆகவே அவர் குறிப்பிடுவது 23ஆம் தேதியை அல்ல, அதற்கு அடுத்த சனிக்கிழமையான 30ஆம் தேதியை. பன்னிரண்டு நாள் விருந்து!

அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த டக்ளஸ் ஹார்ப்பர் உருவாக்கிய இத்தளத்தில் சொற்களைத் தேடக் கட்டணமில்லை, விளம்பரங்கள் உண்டு. பதிவுகள் பெரும்பாலும் ஒரு பத்திக்குள் அடங்கிவிடுகின்றன. ஆனால் அந்தப் பத்தியிலிருந்து தொடர்புடைய சொற்களுக்குக் கிளை பிரியும் இணைப்புகளையே இதன் தனிச்சிறப்பாக நான் மதிக்கிறேன். அப்படிப் போனால், இரண்டு வாரத்தைக் குறிக்கும் ‘ஃபோர்ட்நைட்’ என்பது ‘பதினான்கு இரவு’ என்பதன் சுருக்கம் என்பதும், பகலை விட்டு இரவைக் கணக்கிடும் இந்தப் பழைய ஜெர்மானிய வழக்கத்தை ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் அன்றே குறித்துவைத்திருக்கிறார் என்பதும் தெரியவருகின்றன. ‘நைட்’ என்ற சொல்லையே தொடர்ந்தால், லத்தீனின் ‘நாக்ஸ்’, சமஸ்கிருதத்தின் ‘நக்தம்’ ஆகியவை அதன் உறவாக வந்து நிற்கின்றன. ஒரு சொல்லைத் தேடப் போய் அரைமணி நேரம் அங்கேயே இருந்துவிட்டேன்; அந்த நேரம் வீண்போனதாக நான் எண்ணவில்லை.

இத்தளத்தில் ஒரு சொல்லுக்குத் தரப்படும் ஆண்டு, அது எழுத்தில் முதலில் காணப்பட்ட காலமே தவிர, பேச்சில் பிறந்த காலமன்று என்பதை வாசகர் நினைவில் வைக்க வேண்டும். ‘ஃபோர்ட்நைட்’ பிரிட்டனிலும் நம்மூர் ஆங்கில நாளிதழ்களிலும் இன்றும் புழங்க, ‘செனைட்’ மட்டும் வழக்கொழிந்தது எப்படி என்று அறிய விரும்புபவருக்கு இத்தளம் போதாது. ஆண்டுவாரியாக மேற்கோள்களை அடுக்கித் தரும் ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியைத்தான் அவர் நாட வேண்டும். அதை இணையத்தில் முழுமையாகப் பார்க்கச் சந்தா தேவை. பழைய ஆங்கில நாவல்களைத் தமிழாக்குவோர் முதலில் இத்தளத்தில் தேடிவிட்டு, ஐயம் மீந்தால் மட்டும் அங்கே போகலாம்.